லாமுவில் ஒரு தாய்மாமன்

என் தங்கச்சி மகளுக்குக் காது குத்துவதற்காக நான் கடல் தாண்டி ஆப்பிரிக்கா போனேன். இலங்கை மலைநாட்டில், எங்கள் டிக்கோயாவில் இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். ஹட்டன் டவுனில் எந்த நகைக்கடையில் உட்கார்ந்தாலும் ஆகிற வேலைக்கு இவ்வளவு தூரமா என்று கேட்கிறார்கள். ஆனால் அவர்களுக்கும் தெரியும், எங்கள் ஆட்களில் பிள்ளைக்குக் காது குத்துவதென்றால் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். என் தங்கச்சிக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். அவள் இருப்பதோ கென்யாக் கரையை ஒட்டிய லாமு என்ற தீவில்.

அவள் கட்டாருக்கு ஹோட்டல் வேலைக்குப் போனவள். அதே ஹோட்டல் சமையலறையில் வேலை செய்த லாமுக்காரர் ஒருவரை அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, அவர் மதத்துக்கும் மாறி, அவர் ஊருக்கே போய்விட்டாள். எங்கள் வீட்டிலிருந்து யாரும் கல்யாணத்துக்குப் போகவில்லை. போட்டோவைப் பார்த்துவிட்டு அப்பா சொன்ன ஒரே வார்த்தை, மாப்பிள்ளை கறுப்பாக இருக்கிறாரே என்பதுதான். எங்கள் வீட்டில் வெள்ளையாக யார் இருந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

லாமுவில் அவளை யாரும் கஷ்டப்படுத்தவில்லை. மச்சான் தங்கமான மனுஷன். ஆனால் அந்த ஊரில் கல்யாணமென்றாலும் பிள்ளைப்பேறென்றாலும் பெண் வீட்டு ஆட்கள் தாம்பாளங்களோடு கூட்டமாக வருவார்களாம். இவளுக்கு ஒருவரும் வரவில்லை. வாய்ச்சண்டை ஏதாவது வந்தால் மாமியார் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பாராம்: உனக்கு ஆட்கள் என்று யாராவது இருக்கிறார்களா? அந்தக் கேள்விக்குத்தான் என் தங்கச்சி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். இருக்கிறார், என் அண்ணன் வருவார், அவர் வந்து மடியில் வைத்துக்கொள்ளாமல் என் பிள்ளைக்குக் காது குத்த விடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அங்கே பெண்பிள்ளைகளுக்குக் கைக்குழந்தையிலேயே காது குத்திவிடுவார்கள். இவள் பிள்ளை மட்டும் மூளிக் காதோடு வளர்ந்தது. முதலில் உலகமெல்லாம் நோய் வந்து விமானம் நின்றது. பிறகு எங்கள் நாட்டில் பெட்ரோலுக்கும் சமையல் காஸுக்கும் வரிசையில் நிற்கவே வாழ்க்கை போதவில்லை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று நான் சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு ஆறு வயதாகிவிட்டது. மாமியாரின் தம்பி ஒருவர், வயதான படகுத் தலைவர், என் மடியில் வைத்துக் குத்துங்கள், நானும் தாய்மாமன்தானே என்று இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறார். அவர் மச்சானின் தாய்மாமன், பிள்ளைக்கல்ல என்று தங்கச்சி பிடிவாதமாக நின்றுவிட்டாள். போனில் நான் முகம் காட்டுவேன்தான். ஆனால் போனில் தெரிகிற முகத்தை மாமியார் ஓர் ஆளாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் மச்சானே டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டார்.

நான் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்புவதும், பிறகு பகலெல்லாம் இந்த மேட்டில் நின்றுகொண்டு எதிர் மேட்டில் கொழுந்தெடுப்பவர்களோடு பேசுவதும் என் வேலை. நடுவில் ஒரு பள்ளமும் ஓடையும் இருக்கும். அதனால் என் குரல் இந்த ஜென்மத்தில் இறங்காது. வீட்டுக்காரி பக்கத்தில் படுத்திருக்கும்போதும் மணி என்ன என்று நான் கேட்டால் சுவருக்கு அந்தப்பக்கம் அடுத்த வீட்டுக் காம்பராவில் விளக்குப் போடுவார்கள். இந்தக் குரல் எனக்கு என்ன வினை வைக்கப் போகிறதென்று அப்போது எனக்குத் தெரியாது.

லாமுவுக்கு விமானம் நேரே போகாது. எதிரிலுள்ள இன்னொரு தீவில் இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து படகு. நான் அதுவரை ஏறிய ஒரே படகு நுவரெலியா வாவியில், காலால் மிதிக்கிற அன்னம். இங்கே தண்ணீர் படகின் விளிம்பு வரைக்கும் எட்டிப் பார்த்தது. சப்பாத்துப் போட்ட காலை இடுக்கிக்கொண்டு, சீர் வைத்திருந்த பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். எதிரே வெள்ளைச் சுவர்களும் மசூதிக் கோபுரமும் பாய்மரங்களுமாக ஊர் வந்துகொண்டிருந்தது. அழகுதான். அதை ரசிக்கிற நிலையில் நான் இல்லை.

படகுத்துறையில் கறுப்பு அங்கி போட்ட பெண்கள் நாலைந்து பேர் நின்றார்கள். எது என் தங்கச்சி என்று தெரியாமல் முழித்தேன். "அண்ணே" என்று ஒரு குரல் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் பக்கத்தில் சிவப்புச் சட்டை போட்ட பிள்ளை. வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்த ஆசையெல்லாம் தொண்டைக்கு வர, எதிர் மலைக்குக் கூப்பிடுகிற என் குரலில், "வாடி என் தங்கம்" என்று கூப்பிட்டுவிட்டேன்.

துறையில் நின்ற கழுதைகள் திரும்பிப் பார்த்தன. பிள்ளை அலறிக்கொண்டு ஓடி, வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு கிழவரின் காலைக் கட்டிக்கொண்டது. அவர்தான் அந்த மாமியாரின் தம்பி. படகுத் தலைவரை அவர்கள் நஹோதா என்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் மேட்டில் ஏறினால்தான் போனில் சிக்னல் வரும், அங்கே நின்றும் நான் கத்தித்தான் பேசுவேன். ஆக, அந்தப் பிள்ளைக்கு நான் போனுக்குள்ளிருந்து கத்துகிற ஒரு தலை. இப்போது அந்தத் தலைக்குக் கைகால் முளைத்து எதிரே வந்து நின்றால் அது ஓடாமல் என்ன செய்யும்?

தங்கச்சி என் கையைப் பிடித்தவள் வீட்டு வாசல்வரை விடவில்லை. அந்த ஊரில் கார் இல்லை, கழுதைதான். சந்துகள் இரண்டு பேர் தோள் உரசிக்கொண்டு போகிற அகலம். எங்கள் தோட்டத்து லயக் காம்பராக்கள் போலவே ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள், ஆனால் பவளக்கல்லால் கட்டிய மாடி வீடுகள், வாசலுக்கு வாசல் பூவேலை செதுக்கிய கனத்த கதவு. அப்படி ஒரு கதவின் முன் மாமியார் நின்றார். நெட்டையான, சிரிக்காத மனுஷி. என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் முழங்கையைத் தொட்டு அழுத்திப் பார்த்தார். நிஜமான ஆள்தானா என்று சோதித்தாரென்று தங்கச்சி பிற்பாடு சொன்னாள்.

சீர்ப்பையைப் பிரித்தேன். ஹட்டனில் வாங்கிய தங்கக் கம்பித்தோடு, பட்டுப்பாவாடை சட்டை, எங்கள் பெக்டரியின் தேயிலை. அப்புறம் உரித்த தேங்காய் ஒன்று. எங்கள் மலையில் தேங்காய் விற்கிற விலைக்கு அதைச் சீரில் வைப்பது பெரிய காரியம். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து அதைப் பொத்திப் பொத்திக் கொண்டுபோனேன். தாம்பாளத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தால் ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்பு. தீவு முழுக்கத் தென்னை. மாமியார் அதைக் காதோரம் ஆட்டிப் பார்த்தார், விரலால் தட்டினார், துருவுபலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து துருவ ஆரம்பித்தார். அன்று துவரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, மஹம்ரி என்ற ஏலக்காய் வாசனைப் பணியாரத்தோடு கொடுத்தார்கள். நான் வாங்கி வாங்கிச் சாப்பிட்டேன். மாமியார் முதல்தடவையாகச் சிரித்தார்.

இன்னொரு கூத்தும் உண்டு. என் வீட்டுக்காரி மருமகளுக்காகக் கம்பளியில் காது மூடுகிற குல்லா பின்னிக் கொடுத்தனுப்பியிருந்தாள். சின்னப் பிள்ளை எங்கே இருந்தாலும் அதற்குக் குளிரும் என்பது எங்கள் மலைப் பெண்களின் நினைப்பு. சட்டை முதுகில் ஒட்டுகிற அந்த வெயிலில் பிள்ளை அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, தெருப்பூனை ஒன்றுக்கு மாட்டிவிட்டாள். லாமுவில் ஆளைவிடப் பூனை அதிகம். அதன்பிறகு சந்தில் எங்கே திரும்பினாலும் ஊதா நிறக் குல்லா போட்ட பூனை ஒன்று என்னை முறைத்துக்கொண்டு போகும்.

காது குத்துவதை நான் கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை வைத்திருந்தார்கள். அதற்குள் பிள்ளையை என் பக்கம் திருப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மச்சான் எங்களை ஊர் சுற்றிக் காட்டினார். நான் எதைப் பார்த்தாலும் பிள்ளை எங்கே நிற்கிறாள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். சேலா கடற்கரைக்குப் போனோம். மணல் குன்று குன்றாகக் கிடக்க, கடல் கண்ணுக்கெட்டுகிற வரை நீலம். வெள்ளை நண்டுகள் காற்றில் பறக்கிற சருகு மாதிரி ஓடிப்போய்ப் பொந்தில் விழும். பிள்ளை துரத்தினாள். நானும் துரத்தினேன். கால் இடறி மணலில் குப்புற விழுந்தேன். அவள் சிரித்தாள், ஆனால் நஹோதாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எங்கே போனாலும் அந்தக் கிழவர் கூடவே வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் குரலும் சின்னக் குரல் இல்லை. கடல்காற்றில் பாய் இழுக்கச் சொல்லிக் கத்தியே வளர்ந்த தொண்டை. அவர் கத்தினால் பிள்ளைக்குப் பாட்டு, நான் கத்தினால் பேய். ஊர் நடுவிலுள்ள பழைய கோட்டைக்கு முன்னால் மரநிழலில் உட்கார்ந்து அவர்கள் ஆடுகிற குழிப்பலகை ஆட்டம் கிட்டத்தட்ட நம்முடைய பல்லாங்குழி. அதிலாவது அவரை மடக்கலாம் என்று உட்கார்ந்தேன். என் காய்களையெல்லாம் அள்ளிக்கொண்டு, பொக்கை வாயால் சிரித்து, என் தொடையில் தட்டினார். பிள்ளை அவர் தோளில் தொங்கிக்கொண்டு கைதட்டினாள்.

ஒருநாள் பாய்மரப் படகில், தண்ணீருக்குள் வேர் ஊன்றி நிற்கிற கண்டல் காட்டுக்குள் நுழைந்து எதிர்த்தீவின் பாழடைந்த பழைய ஊருக்குப் போனோம். இடிந்த மசூதி, கல்லறை, கூரையில்லாத வீடுகள், நடுவில் பாவோபாப் என்பார்களே, மன்னாரில் நிற்குமே, அதே பெருக்கமரம். போகும் வழியில் டொல்பின்கள் இரண்டு படகுக்குக் குறுக்கே முதுகைக் காட்டிவிட்டு மறைந்தன. பயத்தை மறந்து எழுந்து நின்று கத்திவிட்டேன். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அன்று ஒன்று நடந்தது. பெருக்கமர விதையைச் சிவப்புச் சீனிப்பாகில் புரட்டிய மிட்டாயை அவள் வாயில் அடக்கியிருந்தாள். நாக்கு இரத்தச் சிவப்பு. நானும் என் நாக்கை நீட்டிக் காட்டினேன். வெறும் நாக்கு. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு ஒரு விதையை என் உள்ளங்கையில் போட்டுவிட்டுத் திரும்பி ஓடிப்போனாள். சத்தியமாக எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் புளிப்பும் சீனியும் இன்னும் வாயில் நிற்கிறது.

அதற்குமேல் அவள் நெருங்கவில்லை. தூக்கப் போனால் உடம்பை மீன் மாதிரி முறுக்கிக்கொண்டு நழுவினாள். தாய் தமிழில் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும், பதில்தான் ஸ்வாஹிலியில் வரும். மாமா மடியில் உட்காருவாயா என்று கேட்டால் எந்தப் பாஷையிலும் பதில் இல்லை.

வியாழக்கிழமை பின்னேரம் மொட்டைமாடியில் நானும் தங்கச்சியும் தேத்தண்ணி குடித்தோம். நான் கொண்டுபோன நல்ல தேயிலையைப் பாலிலும் இஞ்சியிலும் போட்டுக் கொதிக்க வைத்திருந்தார்கள். வந்த புதிதில் அது தேயிலைக்குச் செய்கிற துரோகம் என்று சண்டை போட்டவன், இப்போது இரண்டாவது கோப்பை கேட்டு வாங்கிக்கொண்டேன். அவள் குடிக்கவில்லை. கோப்பையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நாளைக்கு அவ ஒங்க மடியில ஒக்காரலன்னா என்னண்ணே செய்றது?"

உட்காருவாள் என்றேன். என் குரலிலேயே எனக்கு நம்பிக்கை இல்லை. மாமியார் சந்திலுள்ள பெண்களையெல்லாம் அழைத்திருக்கிறார் என்றாள். இத்தனை வருஷம் இவள் சொல்லிச் சொல்லிக் காத்திருந்த அண்ணன் எப்படிப்பட்டவன் என்று பார்க்கத்தான் அவர்கள் வருகிறார்களாம்.

"அவுங்க முன்னுக்கு புள்ள ஒங்களப் பாத்து ஓடுனா, எனக்கு ஆளு இருந்தும் இல்லாத மாதிரிதாண்ணே" என்றாள்.

தோட்டத்தில் ஒரு மலை ஆட்களை அதட்டி வேலை வாங்குகிறவன், ஆறு வயதுப் பிள்ளையை மடியில் உட்கார வைக்க வழி தெரியாமல் நின்றேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பெண்கள் வந்தார்கள். வந்து, அங்கியைக் கழற்றினால் உள்ளே கண்ணைப் பறிக்கிற பூத்துணி. கூடம் நிறைந்து அத்தர் மணத்தது. நான் பாயில் சம்மணம் கொட்டி உட்கார்ந்தேன். காது குத்துகிற கிழவி என் கம்பித்தோட்டை வாங்கி, கூர்முனையை விரலில் குத்திப் பார்த்து, நல்லது என்று தலையாட்டினாள். பட்டுப்பாவாடை கட்டிய பிள்ளையைத் தங்கச்சி கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். அம்மன் சிலை மாதிரி இருந்தாள் பிள்ளை. என் மடிக்கு ஓரடி முன்னால்வரை வந்தாள். கிழவியின் கையைப் பார்த்தாள். உதறிக்கொண்டு ஓடி, கதவோரம் உட்கார்ந்திருந்த நஹோதாவின் மடியில் ஏறி, அவர் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மாமியார் ஏதோ சொன்னார். அங்கேயே இருக்கட்டும், குத்தி முடித்துவிடலாம் என்கிறார் என்று மச்சான் தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். அதில் தப்பொன்றும் இல்லை, மாமியார் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் யார் முகத்தையும் பார்க்காமல் பாயின் ஓரத்தை இழுத்து இழுத்துச் சரி செய்துகொண்டிருந்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கிழவர் மேலா, பிள்ளை மேலா, என் தொண்டை மேலா என்று தெரியாத கோபம். எழுந்து வெளியே போய்விடலாம் என்று கையை ஊன்றினேன்.

அப்போது நஹோதா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். கூடத்தின் குறுக்கே நடந்து என் முன்னால் வந்தார். நிதானமாகத் திரும்பி நின்றார். பிறகு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, பிள்ளையோடு அப்படியே என் மடியில் உட்கார்ந்துவிட்டார்.

ஒல்லியான மனுஷன்தான். ஆனாலும் எலும்பெல்லாம் என் தொடையில் குத்தியது. அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை நான் எந்தக் கல்யாண வீட்டிலும் கேட்டதில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார்கள். காது குத்துகிற கிழவிக்கே கண்ணில் நீர். நஹோதா மட்டும் சிரிக்காமல், படகில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பிள்ளை தலையைத் தூக்கி முதலில் அவரைப் பார்த்தாள், பிறகு அவருக்குப் பின்னால் நசுங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள். அவளுக்கும் சிரிப்பு வெடித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கிழவி வலது காதைக் குத்தி முடித்துவிட்டாள்.

பிள்ளை அழ வாயெடுத்தாள். அதே நேரம் நஹோதா வழுக்கிக்கொண்டு ஒரு பக்கமாக இறங்கிப் பாயில் உட்கார்ந்தார். பிள்ளை இருந்த இடத்திலேயே என் மடியில் இருந்தாள். நான் சத்தம் போடவில்லை. மூச்சைக்கூட மெல்ல விட்டேன். இறங்கி ஓடுவாள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் என் கட்டைவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தானாகவே இடது காதைக் கிழவி பக்கம் திருப்பினாள். குத்தியபோது வீல் என்று கத்திக்கொண்டு என் கையைக் கடித்தாள். பல் பதிந்துவிட்டது. எங்கள் வம்சத்துக் குரல்தான் அது, சந்தேகமே இல்லை. பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். தங்கச்சி தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்ததும் மாமியார் தலைக்கு அங்கியைப் போட்டுக்கொண்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். வா என்கிறார் போல, எங்கே என்று கேட்க எனக்குப் பாஷை தெரியாது. பலகாரத் தட்டோடு தங்கச்சியும், புதுத் தோட்டோடு பிள்ளையும் பின்னால் வந்தார்கள். சந்தில் ஒவ்வொரு கதவாகத் தட்டினார் மாமியார். கதவு திறந்ததும் என்னை முன்னால் தள்ளி, தோளைத் தட்டி, ஒரே வாக்கியத்தைச் சொல்வார். உள்ளேயிருப்பவர்கள் என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அடுத்த கதவு, மறுபடி அதே வாக்கியம். இவர் என்னத்தைச் சொல்லிக்கொண்டு வருகிறார் என்று நான் தங்கச்சியைக் கேட்டேன்.

"எங்க மருமகளோட ஆளுங்க வந்துட்டாங்கன்னு சொல்றாங்கண்ணே" என்றாள்.

சொல்லி முடித்தவளால் அதற்குமேல் நடக்க முடியவில்லை. யார் வீட்டுப் படியிலோ உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். இத்தனை வருஷத்து அழுகை. பிள்ளை மிரண்டுபோய் என் காலோடு ஒட்டிக்கொண்டாள். மணல் மூட்டை சுமந்த கழுதை ஒன்று வர, நாங்கள் சுவரோரம் ஒதுங்கினோம். மாமியார் திரும்பி வந்தார். அவளைத் திட்டினார். தன் துணியின் ஓரத்தால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார், மறுபடியும் திட்டினார், நடுநடுவே என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்.

என்ன சொல்கிறார் என்று கேட்டேன். தங்கச்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒங்க அண்ணன் முன்னுக்கு அழாதடி, நாங்க ஒன்னைய நல்லா வச்சிருக்கலன்னு நெனச்சுக்கிட்டு கையோட கூட்டிக்கிட்டுப் போயிருவாருன்னு பயப்படுறாங்கண்ணே."